நாலாம் தந்தியில் ஒரு செத்த வீடு

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். "விரும்பினதைச் சாப்பிடக் குடுங்கோ" என்று டொக்டர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்தது. ஆனால் எங்கள் ஊர் மயிலிட்டிக்கு வரும் வழியில், வான் வண்டிக்குள் என் தோளில் சாய்ந்திருந்த மனுசன் கேட்டது சாப்பாட்டை அல்ல.

"அண்ணையை ஒருக்கா வரச் சொல்லு, மோனை. அவரைப் பாத்திட்டால் காணும்."

அண்ணை என்றால் என் பெரியப்பா. அவர் இருப்பது வெளிநாட்டில் இல்லை, அடுத்த வளவில். எங்கள் குசினி யன்னலைத் திறந்தால் அவர் வீட்டுக் கொடியில் காயும் சாரம் தெரியும். ஆனால் இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சு இல்லை.

காரணம் ஒரு கிணறு. இடம்பெயர்ந்து கால் நூற்றாண்டுக்கு மேல் முகாமிலும் வாடகை வீடுகளிலும் கிடந்துவிட்டு, ஆமி காணியை விட்டுவிட்டது என்று கேள்விப்பட்டு ஓடிவந்து பார்த்தால் வீடு இல்லை, வேலி இல்லை, ஒரு பூவரச மரம்கூட இல்லை. எல்லாவற்றையும் தள்ளி மட்டப்படுத்தியிருந்தார்கள். மிஞ்சியது கிணறு ஒன்றுதான். அது நடு எல்லையில் இருந்த பங்குக் கிணறு என்றார் அப்பா. முழுக் கிணறும் தன்னுடைய பக்கம், தம்பி பாவம் என்று தண்ணீர் அள்ள விட்டது என்றார் பெரியப்பா. ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போன மனுசர் இரண்டு பேரும். முகாமில் ஒரே தகரத்துக்குக் கீழே படுத்தவர்கள். அப்போதெல்லாம் சண்டை பிடிக்க நேரமிருக்கவில்லை. சொந்த ஊருக்கு வந்த பிறகுதான் அதற்கு வசதி கிடைத்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கதைபேச்சு இல்லாதவர்கள் கலியாண வீட்டுக்கு வரமாட்டார்கள், சாமத்தியச் சடங்குக்கு வரமாட்டார்கள், நோய் வருத்தம் பார்க்கவும் வரமாட்டார்கள். செத்த வீட்டுக்கு மட்டும் வருவார்கள். வந்து தலையிலடித்து அழுவார்கள், பாடைக்குத் தோள் கொடுப்பார்கள். சுடலையால் திரும்பி வந்து முழுகியதும் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இதை மானம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். உயிரோடு இருப்பவனுக்குக் கொடுக்காத கண்ணீரைப் பிணத்துக்குக் கொட்டுவதில் என்ன மானம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் போனேன். பெரியப்பா முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, அப்பா உங்களைப் பாக்கோணுமெண்டு சொல்லுறார். டொக்டர்மார் கைவிட்டிட்டினம்."

ஊசி நிற்கவில்லை. கண்ணும் வலையை விட்டு எழும்பவில்லை.

"செத்த வீட்டுக்கு வருவன்" என்றார்.

வீட்டுக்கு வந்து, நாளைக்கோ நாளையிண்டைக்கோ வருவார் என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். அவர் சிரித்தார். "செத்த வீட்டுக்கு வாறனெண்டிருப்பர், என்ன?" என்றார். நான் தலைமாட்டுத் தலையணையைச் சரிசெய்தேன்.

இனி ஒரு சாமானைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் கிற்றார் வாசித்துப் பிழைக்கிறவன். யாழ்ப்பாணம் ரவுணில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன், மண்டபங்களில் கலியாண வரவேற்புக்கு வாசிப்பேன். கனடாவில் இருக்கும் தங்கச்சி எனக்கு ஆசையாக ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே சதுரப் பற்றரி ஒன்று. ஆளியைத் தட்டினால் சின்ன நீல வெளிச்சம் வரும். அடியில் இரண்டு பக்கமும் பள்ளமாகத் தவாளிப்பு இருக்கிறது. அவற்றைப் பக்கத்துத் தந்திகள் இரண்டிலும் இருத்திவிட்டால், நடுத் தந்தியில் எதுவும் படாது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் காந்தம் அந்தத் தந்தியைத் தானே துடிக்க வைக்கும். தட்டவும் வேண்டாம், மீட்டவும் வேண்டாம். கையை எடுக்கும்வரை சத்தம் நிற்காது.

அதைச் செய்தது மின்கிற்றாருக்கு. என்னுடைய மரக் கிற்றாரில் அது இலேசில் பணியாது. தந்தி இரும்பாக இருக்கவேண்டும், நைலோனுக்கு மசியவே மசியாது. கொஞ்சம் சரித்துப் பிடித்தால் தந்தியில் முட்டிக் கரகரவென்று கத்தும். சரியான இடத்தில் வைத்தாலும் உடனே சத்தம் வராது, பொறுத்திருக்கவேண்டும். இரண்டாம் தந்தி கெதியில் எழும்பும். நாலாம் தந்தி மேலே வெண்கலம் சுற்றிய தடித்த தந்தி. அது சோம்பேறி. ஆனால் ஒருமுறை எழும்பிவிட்டால் அதன் சத்தம் வேறு. தூரத்தில் யாரோ சங்கு ஊதுவது மாதிரி இருக்கும்.

கலியாண வீட்டில் உது யாருக்கு வேண்டும்? பெட்டி அலுமாரிக்குள் கிடந்தது.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு அவருக்குத் திடீர்ச் சத்தம் ஆகாமல் போனது. மருந்தா, நோவா தெரியாது. ஒரு கோப்பை விழுந்தால் உடம்பெல்லாம் தூக்கிப்போடும். பொழுதுபோக்குக்கென்று நான் கிற்றாரைத் தட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் நெற்றியைச் சுருக்கினார். அப்போதுதான் பெட்டி ஞாபகம் வந்தது. தட்டாமல் வரும் சத்தம் அல்லவா?

விறாந்தையில் அவருடைய சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாலாம் தந்தியில் வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல மெல்ல ஒரு முனகல் எழும்பி வீட்டை நிறைத்தது. இடது கை விரலை அதே தந்தியில் மேலும் கீழும் இழுத்தேன். சத்தம் அறாமல் ஏறி இறங்கியது. அப்பாவின் மூச்சு கரகரப்புக் குறைந்து ஒரு சீருக்கு வந்தது. அவர் நித்திரை என்று நினைத்தேன்.

"இது நல்லாக் கிடக்கு" என்றார் கண்ணை மூடியபடி. "கரையிலை நிக்கேக்கை தூரத்திலை ஒரு இஞ்சின் சத்தம் கேக்குமெல்லே, அப்பிடிக் கிடக்கு. ஆரோ வாறமாதிரி."

ஆயுள் முழுக்க வள்ளத்து இஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த காது. அவருக்குக் கேட்பது மட்டு. "கொஞ்சம் கூட்டு" என்று அடிக்கடி சொன்னார். அதனால் அடுத்த நாள், மண்டபங்களுக்காகக் கிற்றாரில் பூட்டியிருந்த மைக்கின் வயரை என்னுடைய சின்ன ஸ்பீக்கரில் கொழுவி அவர் காதடியில் வைத்தேன். ஊரே கேட்கும் என்று யோசிக்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம். கரண்டும் இல்லை, ஒரு வீட்டிலும் ரி.வி. ஓடவில்லை, ஃபான் சத்தம்கூட இல்லை. ஸ்பீக்கர் தன் பற்றரியில் வேலை செய்தது. நான் நாலாம் தந்தியை எழுப்பி, நல்லாகக் கூட்டிவிட்டு, விரலை இழுத்து இழுத்து வாசித்தேன். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்தச் சத்தம் என்ன செய்ததோ தெரியாது. ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசி, அன்றைக்கு வாய்விட்டுக் குளறத் தொடங்கினா. சங்கு மாதிரி ஒரு சத்தமும் அதற்கு மேலே ஒரு பொம்பிளையின் அழுகையும் எங்கள் ஒழுங்கையில் சேர்ந்து கேட்டால் என்ன பொருள்? ஊர் ஏற்கெனவே காதைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தது. முன்வீட்டு அன்ரி ஒருவருக்குப் போன் அடித்தா. அவர் இன்னொருவருக்கு அடித்தார். வந்து பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மாவைத் தேற்றிவிட்டு நான் வெளியே வந்தபோது ஒழுங்கையில் பெடியள் செத்த வீட்டு வெள்ளைக் கொடி கட்டத் தொடங்கிவிட்டார்கள். யாரோ வாசிகசாலைக் கதிரைகளை லாண்ட்மாஸ்ரர் வண்டியில் ஏற்றி வந்துவிட்டார். பொம்பிளைகள் தலைமயிரை அவிழ்த்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து, ஒப்பாரியைத் தொடங்க வாயைத் திறந்தபடியே நின்றார்கள். விறாந்தையில் அப்பா சாய்மனைக் கதிரையில் கால் நீட்டிக்கொண்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனடாத் தங்கச்சி போனில் கத்தி அழுதாள். முகநூலில் யாரோ அப்பாவின் படத்தைப் போட்டு இரண்டு பக்கமும் மெழுகுதிரி வைத்துவிட்டார்களாம். போனை அப்பாவின் காதில் வைத்தேன்.

"நான் இன்னும் சாகேல்லைப் பிள்ளை. நீ அழாதை" என்றார்.

முற்றத்தில் நின்றவர்களுக்குச் சிரிப்பதா ஓடுவதா என்று தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் பெரியப்பா வந்தார்.

வெறும் காலோடு வந்தார். வெள்ளை வேட்டி, மேலில் ஒன்றும் இல்லை, சால்வை இடுப்பில். கூடப்பிறந்தவன் செத்தால் எப்படி வரவேண்டுமோ அப்படி. வாசல் படலையில் கால் வைக்கும்போதே, "ஐயோ தம்பி! என்னை விட்டிட்டுப் போட்டியேடா!" என்று குளறினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எழுபது கடந்த மனுசன், சின்னப்பிள்ளை மாதிரி மூக்கால் வடிய வடிய அழுதார். அது நடிப்பில்லை. அதை நான் எங்கேயும் சத்தியம் பண்ணுவேன்.

அப்பா கதிரையின் கையைப் பிடித்து நிமிர்ந்தார். "அண்ணை" என்றார். "வா அண்ணை. உள்ளுக்கு வா."

பெரியப்பா அப்படியே நின்றார். அவர் முகம் விறைத்துப்போனது. இன்னும் ஒரு நிமிடம் ஒருவரும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் வந்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். ஆனால் முற்றத்தில் நின்ற கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்புக்கூட இல்லை, பயம் தெளிந்த சிரிப்பு. அதோடு எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பெரியப்பா சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். விறாந்தையில் கிடந்த கிற்றாரையும் ஸ்பீக்கரையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னைக் கூப்பிடுறதுக்கு உப்பிடியும் ஒரு நாடகமோடா?"

"இல்லைப் பெரியப்பா, சத்தியமா இல்லை, அது சனம் பிழையா விளங்கி..."

அவர் நின்று கேட்கவில்லை. அப்பா இன்னொருமுறை "அண்ணை" என்றார். அவருக்கு அவ்வளவுதான் சத்தம் வந்தது. படலைக்கு வெளியே போன முதுகை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கொடிகளை அவிழ்க்கச் சொன்னேன். கதிரை கொண்டுவந்தவர், எப்படியும் தேவைப்படும்தானே, இருக்கட்டும் என்றார். அவரை அடிக்காமல் விட்டது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

அடுத்த நாள் பின்னேரம் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அதை வாசி."

"எதை அப்பா?"

"அந்தச் சாமானைத்தான். நேற்று வாசிச்சமாதிரி. நல்லாக் கூட்டி வை."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பெரியப்பா நாடகம் என்று சொன்னார், இல்லை என்று நான் சத்தியம் பண்ணினேன். இப்போது அப்பா அந்த நாடகத்தைத்தான் போடச் சொல்கிறார்.

"அவர் இனி வரமாட்டார் அப்பா."

"நேற்று வந்தவர்தானே. அழுதவரெல்லே. நீ வாசி."

வாசித்தேன். என்ன செய்ய? அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் வாசித்தேன். பற்றரி இறங்கினால் நீல வெளிச்சம் மங்கும், தந்தி அரைவாசியில் செத்துப்போகும். ரவுணுக்குப் போய் மேலதிகமாக வாங்கி வைத்துக்கொண்டேன். நாலாம் தந்தி எழும்பும், அப்பா கதிரையைப் படலைப் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒழுங்கையில் சைக்கிள் சத்தம் கேட்டால் தலையை நிமிர்த்துவார். முதலில் அயலவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு எரிச்சல்பட்டார்கள். பிறகு யன்னலைச் சாத்தினார்கள். செத்த வீட்டுச் சத்தத்தை விளையாட்டாக வாசித்தால் வீட்டுக்கு ஆகாது என்று முன்வீட்டு அன்ரி அம்மாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனா. எந்த வீட்டுக்கு இனி என்ன ஆகவேண்டும் என்று அம்மா கேட்டா.

அந்த நாட்களில் நான் அந்தப் பெட்டியை வெறுத்தேன். பெரியப்பாவை அதைவிட வெறுத்தேன். படலையைப் பார்த்துக் களைத்து அப்பா நித்திரையானதும் ஆளியை நிறுத்திவிட்டு, அவருக்குக் கேட்காமல் அழுதிருக்கிறேன்.

அப்பா செத்தது ஒரு மத்தியானம். கஞ்சி கொடுத்த கரண்டி அம்மாவின் கையில் இருக்கவே மூச்சு நின்றது. அம்மா குளறினா. நானும் குளறினேன். கிற்றார் உள்ளறையில் உறைக்குள் கிடந்தது.

ஒருவரும் வரவில்லை.

அம்மா தொண்டை கிழியக் கத்தினா. ஒழுங்கையால் மீன்காரனின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. முன்வீட்டில் ரி.வி. நாடகம் ஓடும் சத்தம் கேட்டது. செத்த வீடு ஒன்றில் இரண்டு பேர் மட்டும் இருந்து அழுவது எங்கள் ஊரில் நடக்காத காரியம். எங்கள் வீட்டில் நடந்தது. கடைசியில் அப்பாவின் வாயை மூடி, நாடியைத் துணியால் கட்டிவிட்டு, நானே எழும்பிப் போய் முன்வீட்டுப் படலையைத் தட்டினேன்.

"ஐயோ தம்பி" என்று அன்ரி வாயில் கையை வைத்தா. "உங்கடை அந்தச் சாமானெண்டெல்லோ நான் நினைச்சன்."

பிறகு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். சாவு வீட்டுச் செய்தியைக் கூடப்பிறந்தவருக்கு நேரே போய்ச் சொல்லவேண்டும், அது முறை. அவர் கிணற்றடியில் ஒரு கல்லில் இருந்தார்.

"அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார், பெரியப்பா."

அவர் என் முகத்தை நிறைய நேரம் பார்த்தார். பொய்யா மெய்யா என்று பார்க்கிறார் என்று விளங்கியது. மெய் என்று அவருக்கும் விளங்கியது. எழும்பவில்லை.

"வாங்கோ" என்றேன். "செத்த வீட்டுக்கு வருவனெண்டனீங்கள்."

"நான் வந்திட்டன்" என்றார். "அண்டைக்கே வந்து அழுதிட்டன். அவன்ரை செத்த வீடு எனக்கு அண்டையோடை முடிஞ்சுது."

அவர் வரவில்லை. பறை அடித்தது, சுண்ணம் இடித்தோம், வாய்க்கரிசி போட்டோம். தமையன் போடவேண்டிய அரிசி அப்படியே தட்டில் கிடந்தது. கிரியை செய்த ஐயர் "தமையன் இல்லையோ?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொன்னேன்.

சாவுத் துடக்குக் கழியும்வரை வீட்டில் பாட்டு, வாத்தியம் ஒன்றும் கூடாது. கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்து வந்த சில நாளில் எனக்கு ஒரு கலியாண வரவேற்பு இருந்தது. பிழைப்பை விட முடியுமா? பின்னேரம் விறாந்தையில் இருந்து கிற்றாரைச் சுருதி கூட்டினேன். அப்பாவின் கதிரையை அம்மா உள்ளே எடுக்க விடவில்லை, அது படலையைப் பார்த்தபடியே கிடந்தது. நிமிர்ந்தபோது படலையில் பெரியப்பா நின்றார்.

ஆள் மெலிந்துபோயிருந்தார். படலையின் மேல்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி" என்றார். "உந்தச் சாமானை ஒருக்கா வாசியன்."

"எந்தச் சாமான்?" தெரிந்துகொண்டே கேட்டேன்.

"பின்னேரத்திலை வாசிப்பாயெல்லே. நான் ஒவ்வொரு நாளும் கிணத்தடியிலை இருந்து கேக்கிறனான். அது கேக்குமட்டும் அவன் இருக்கிறானெண்டு எனக்குத் தெரியும்."

கிணற்றடிக்கும் எங்கள் விறாந்தைக்கும் இடையில் அவர் அடித்த தகர வேலி ஒன்றுதான். அப்பா படலையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பின்னேரமும் இந்த மனுசன் அந்த வேலிக்குப் பின்னால் இருந்திருக்கிறார். தம்பி இருமியதும் கேட்டிருக்கும். "அண்ணை வாறாரோ பார்" என்று என்னைக் கேட்டதும் கேட்டிருக்கும். ஏன் வரவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் அவர் அழுவார், அந்த அழுகையை என்னால் பார்க்க ஏலாது, அதைப் பார்க்க அப்பாவும் இல்லை.

"பற்றரி முடிஞ்சுது" என்றேன்.

புதுப் பற்றரிகள் கிற்றார் உறைக்குள் பிரிக்காமல் கிடந்தன. அவர் தலையை ஆட்டினார். போகவில்லை. படலையைப் பிடித்தபடி அந்த வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குசினிக்குள் இருந்து அம்மா "ஆர் தம்பி அது?" என்று கேட்டா. ஒருவருமில்லை என்று சொல்லிவிட்டு, கிற்றாரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உள்ளே வாங்கோ என்று நான் சொல்லவில்லை.